விண்டோஸ் 11 போட்ட பழைய லேப்டாப் ஏன் பாதியில் நின்றுபோகிறது?

கேள்வி: என் மகள் காட்பாடியில் பொறியியல் முதலாம் ஆண்டு படிக்கிறாள். அவளுக்காக வேலூரில் ஒரு கடையில் 18,500 ரூபாய்க்கு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கினேன். "ஐ5, 8 ஜிபி ராம், விண்டோஸ் 11 போட்டிருக்கு, புதுசு மாதிரி ஓடும்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். மூன்று வாரம் நன்றாக ஓடியது. இப்போது நாளுக்கு இரண்டு மூன்று முறை நீலத்திரை வந்து தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. செய்துகொண்டிருந்த வேலை பாதியில் போய்விடுகிறது. கடையில் கேட்டால், "உங்க பொண்ணு எதையாவது இன்ஸ்டால் பண்ணியிருக்கும், ஃபார்மட் பண்ண 800 ரூபாய் ஆகும்" என்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு தந்தை, குடியாத்தம்

பதில்: அந்த 800 ரூபாயை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். மகளையும் கடிந்துகொள்ளாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அந்த லேப்டாப்புக்கு ஒத்துவராத விண்டோஸைக் கடையிலேயே ஏற்றிக் கொடுத்திருக்க வாய்ப்பு அதிகம். அதை இரண்டு நிமிடத்தில் நீங்களே பார்த்துவிடலாம்.

செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபௌட் என்ற பக்கத்தைத் திறங்கள். புராசஸர் என்ற வரியில் ஐ5-க்குப் பின்னால் ஓர் எண் இருக்கும். 6300யு என்றால் 6-ஆம் தலைமுறை, 8350யு என்றால் 8-ஆம் தலைமுறை. எண் 1-இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கத்தைப் பாருங்கள்: 10210யு என்றால் 10, 1135ஜி7 என்றால் 11. இன்டெல்லில், ஒருசில விதிவிலக்குகள் தவிர, 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்டின் அங்கீகாரம் உண்டு. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் செக்யூர் பூட் வசதியும் வேண்டும். இன்டெல்லுக்குப் பதில் ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் புராசஸராக இருந்தால் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம், அங்கே பெயர் வைக்கும் முறையே குழப்பம். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பிசி ஹெல்த் செக் என்ற செயலியை ஓட்டினால், ஆகும் ஆகாது என்று அதுவே சொல்லிவிடும்.

கடைகள் ஏன் இப்படிச் செய்கின்றன? 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டது. அலுவலகங்கள் கழித்துவிட்ட 6, 7-ஆம் தலைமுறை லேப்டாப்புகளை "விண்டோஸ் 10" என்று சொன்னால் யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் தகுதிச் சோதனையைத் தாண்டும்படி ஒரு பென் டிரைவைத் தயார் செய்து 11-ஐ ஏற்றிவிடுகிறார்கள். ஏறும், ஓடவும் செய்யும். ஆனால் இப்படி ஏற்றிய கணினியில் பொருத்தக் கோளாறு வரலாம், அப்டேட் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை என்று மைக்ரோசாஃப்டே எச்சரிக்கிறது. அதை வாங்குபவரிடம் சொல்லாமல் விற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 18,500 ரூபாய் ஒரு குடும்பத்துக்குச் சின்னத் தொகையா?

மூன்று வாரம் ஓடியது எப்படி என்று கேட்பீர்கள். திரை, வைஃபை, ஒலி என்று ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸோடு பேசவைப்பது டிரைவர் என்ற சிறு நிரல். பழைய மாடல்கள் பலவற்றுக்கு, தயாரித்த நிறுவனம் விண்டோஸ் 10 வரை மட்டும் டிரைவர் எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டது. 11-ஐ ஏற்றிய பிறகு, அப்டேட் வழியாகப் பொதுவான டிரைவர் ஒன்று வந்து பழையதை மாற்றிவிடுகிறது. தகராறு பெரும்பாலும் அன்றிலிருந்துதான் தொடங்கும்.

தொரப்பாடியிலிருந்து ஒரு மாணவி கொண்டுவந்த லேப்டாப் என் மேசையில் இருந்தது. மூடியை மூடித் திறந்தால் திரை கறுப்பாகவே நிற்கும், உள்ளே விசிறி மட்டும் இரைந்துகொண்டிருக்கும், பத்து வினாடியில் நீலத்திரை. மூடாமல் வைத்திருந்தால் நாள் முழுக்க ஒன்றும் ஆகாது. டிவைஸ் மேனேஜரில் பார்த்தபோது, வைஃபை டிரைவர் முந்தின வாரம்தான் மாறியிருந்தது. அதன் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் போய், டிரைவர் என்ற பகுதியில் ரோல் பேக் டிரைவர் (முந்தைய டிரைவருக்கே திரும்புவது) கொடுத்ததும் மூடித் திறப்பதில் பிரச்சினை தீர்ந்தது. இது எல்லா லேப்டாப்புக்கும் மருந்து என்று சொல்லவில்லை. எப்போது நிற்கிறது என்று கவனித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் மகளிடம் சொல்லுங்கள்: முதலில் பாடக் கோப்புகள் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வைக்கட்டும். அப்புறம், நீலத்திரை வரும்போதெல்லாம் போனில் ஒரு படம் எடுக்கட்டும். அடியில் ஸ்டாப் கோட் என்று ஒரு வரி இருக்கும். அதில் வீடியோ டிடிஆர் என்று இருந்தால் சந்தேகம் திரை டிரைவர் மேல், மெமரி மேனேஜ்மென்ட் என்றால் ராம் மேல். தேடும் பெட்டியில் ரிலையபிலிட்டி என்று தட்டினால், எந்தத் தேதியில் எது விழுந்தது என்று நாள்காட்டி மாதிரி ஒரு பக்கம் வரும். அதையும் படம் எடுத்து வையுங்கள். கடையில் பேசும்போது இதுதான் சாட்சி.

குறை மெஷினிலா, விண்டோஸ் பொருத்தத்திலா என்று பிரித்தறிய நான் அதிகம் நம்பும் சோதனை ஒன்று உண்டு. விண்டோஸுக்குப் பதிலாக ஓட்டக்கூடிய லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஒரு பென் டிரைவில் ஏற்றி, லேப்டாப்பில் எதையும் அழிக்காமல் அதிலிருந்தே ஒரு மாலை முழுக்க ஓட்டிப் பாருங்கள். வீடியோ பாருங்கள், வைஃபையில் இருங்கள், மூடித் திறங்கள். அங்கே ஒருமுறைகூட நிற்கவில்லை என்றால் பாகங்கள் பெரும்பாலும் நலம், சண்டை விண்டோஸ் 11-க்கும் டிரைவருக்கும்தான். அங்கேயும் நின்றால் ராம், டிஸ்க், போர்டு என்று தேட வேண்டும். கடையில் கூடுதலாகச் சேர்த்த ராம் சரியாக உட்காராமலோ, முனை கறுத்தோ இருப்பதும் நடக்கிற விஷயம். கழற்றி, முனையை அழிரப்பரால் மெல்லத் தேய்த்து, 'டக்' என்று சத்தம் வரும்வரை பொருத்தினாலே சரியானவை உண்டு. வாரண்டி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் மட்டும் நீங்கள் திறக்காதீர்கள்.

சரி, கடைக்காரரிடம் என்ன கேட்பது? 6, 7-ஆம் தலைமுறை என்று தெரிந்தால் ஃபார்மட்டுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். அதே 11-ஐ மறுபடி ஏற்றித் தருவார்கள், இன்னும் மூன்று வாரம் ஓடும். 8-ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட லேப்டாப்பாக மாற்றித் தாருங்கள், இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டாலும் போதும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், பில்லில் காலம் சொல்லப்படவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது நேர்மையற்ற வணிக முறை. பில் தராமல் இருப்பதும் அப்படியே. செகண்ட் ஹேண்ட் என்பதற்காக இந்த உரிமை போய்விடாது. 30 நாளில் மூன்று வாரம் ஏற்கெனவே போய்விட்டதால் நாளைக்கே கேளுங்கள்.

மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் மனு போடலாம். வாங்கியவர் வசிக்கும் ஊரின் ஆணையத்திலேயே போடலாம் என்பதால், சென்னை ரிச்சி தெருவில் வாங்கியவர்களும் இங்கேயே போடலாம்.

கேள்வி: ஆற்காட்டில் நானே தனியாக ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். 7-ஆம் தலைமுறை லேப்டாப், இதே தொல்லை. மாற்றித் தர மாட்டார்களாம். வேறு வழி உண்டா? கடைக்காக வாங்கியதால் நுகர்வோர் சட்டம் எனக்குப் பொருந்தாது என்கிறார்களே?

பதில்: பொருந்தும். சுயதொழிலாகப் பிழைப்புக்கென்றே வாங்கிப் பயன்படுத்துவது சட்டத்தில் வணிக நோக்கமாகாது. தயங்காமல் புகார் கொடுங்கள்.

அதுவரை வேலை ஓட வேண்டுமே. விண்டோஸ் 10-க்குத் திரும்பினால் டிரைவர் தொல்லை அடங்கும், ஆனால் அதன் கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்குத் தனியாகப் பதிய வேண்டும், அதுவும் 2026 அக்டோபர் 13 வரைதான் என்று அறிவித்திருக்கிறார்கள். வாடிக்கையாளர்களின் ஆதார் நகலும் வங்கிப் பாஸ்புத்தகமும் உங்கள் கணினி வழியாகப் போகின்றன, பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் அதை நடத்த வேண்டாம். பிரிண்ட், ஸ்கேன், பிரௌசர் மட்டும்தான் வேலை என்றால் லினக்ஸ் மின்ட்டே நல்லது. மாற்றும் முன் உங்கள் பிரிண்டர் அதில் ஓடுகிறதா என்று பென் டிரைவிலிருந்தே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: என் லேப்டாப் மதியத்தில் மட்டும் பட்டென்று அணைந்துவிடுகிறது. நீலத்திரை எதுவும் வருவதில்லை. இதுவும் விண்டோஸ் 11 பிரச்சினையா?
– ஒரு வாசகி, சத்துவாச்சாரி

பதில்: எந்த அறிவிப்பும் இல்லாமல், அதுவும் வெயில் நேரத்தில் மட்டும் அணைகிறது என்றால் சூட்டைத்தான் முதலில் சந்தேகிப்பேன். நம் ஊர்ப் பங்குனி, சித்திரை வெயிலில் மெத்தை மேல் வைத்து ஓட்டினால் அடியில் காற்று போகாது, புராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்துவிடும். மரப்பலகை மேல் வைத்து ஓட்டுங்கள். பக்கவாட்டுத் துளையில் கையை வைத்துப் பாருங்கள்: விசிறி சுற்றும் சத்தம் கேட்டும் காற்று வரவில்லை என்றால் உள்ளே தூசி அடைத்திருக்கிறது. சர்வீஸ் கடையில் தூசி எடுத்து, புராசஸரின் சூட்டைக் கடத்த மேலே பூசும் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றச் சொல்லுங்கள். விண்டோஸைத் தொட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.