விசை ஸ்பிரிங்கை வெட்டலாமா?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தந்தை கேட்கிறார்: "10 மீட்டர் பயிற்சிக்காக மகளுக்கு வாங்கிய, குழலை மடக்கி ஏற்றும் 4.5 மி.மீ. ஏர் ரைபிளின் விசை (டிரிகர்) மிகவும் கடினமாக இருக்கிறது. இழுக்கும்போதே குறி விலகுகிறது. விசை ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றை வெட்டினால் சரியாகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?"

தயவுசெய்து வெட்டாதீர்கள். விசை ஸ்பிரிங்கின் வேலை விரலை எதிர்ப்பது மட்டுமன்று. காற்றை அழுத்திக் குண்டைத் தள்ளும் பிஸ்டனைப் பிடித்து நிறுத்தும் சியர் என்ற கொக்கியை, ஒவ்வொரு முறையும் அதன் இருக்கைக்குத் திருப்பிக் கொண்டுவருவதும் அதுதான். சுற்றுகள் குறைந்தால் ஸ்பிரிங் குட்டையாகித் தன் இடத்தில் தளர்ந்து ஆடும். சியர் முழுவதும் அமராமல் விளிம்பில் தொற்றிக்கொண்டு நிற்கும். ஓசூரிலிருந்து என்னிடம் வந்த ஒரு ரைபிளில் அந்த விளிம்பு நகக்கண் அளவுக்கு மழுங்கிப் பளபளத்தது. குழலை மடக்கியிருக்கும்போது அது நழுவியிருந்தால், குழல் திடீரென மேலெழுந்து விரலை நசுக்கியிருக்கும்.

அதே நீளமும் அதே வெளிவிட்டமும் உடைய, கம்பி மட்டும் சற்று மெல்லியதான ஸ்பிரிங்கைப் பொருத்துவதே முறை. ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது என்பதால், விட்டத்தை 10 சதவீதம் குறைத்தாலே விறைப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆனால் இழுப்பு எடை, அதாவது விசை விடுபட விரல் தர வேண்டிய இழுப்பு, அதே அளவு குறையாது. பிஸ்டனின் பெரிய ஸ்பிரிங் சியரை அழுத்துவதால் எழும் உராய்வும் அதில் சேர்ந்திருக்கிறது. அந்தப் பெரிய ஸ்பிரிங் அழுத்தத்தில் இருப்பதால், அதற்குரிய அழுத்துக்கருவி இல்லாமல் கழற்றவே கூடாது.

மாற்றுவதற்கு முன்னும் பின்னும், பெல்லட் (ஈயக் குண்டு) இட்டு, குண்டைத் தாங்கும் குறிப்பெட்டியை நோக்கிப் பிடித்தபடி, கொக்கித் தராசால் விசையைப் பத்து முறை இழுத்துச் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பெல்லட் இல்லாமல் ஏற்றி, குழலை மூடி, பாதுகாப்பான திசையில் பிடித்துக்கொண்டு, பின்கட்டையை ரப்பர் சுத்தியலால் பல பக்கங்களிலும் தட்டிப் பாருங்கள். ஒருமுறை தானாக விடுபட்டாலும் பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டுவிடுங்கள்.

10 மீட்டர் ரைபிள் போட்டியில் குறைந்தபட்ச இழுப்பு எடை என்று விதி இல்லை (பிஸ்டலுக்கு 500 கிராம்). ஆனால் போட்டி ரைபிளின் மிக இலகுவான விசை அதற்கென்றே வடிவமைக்கப்பட்டது, உங்களுடையதில் அதைத் தேட வேண்டாம்.

வீட்டில் உரிமம் பெற்ற தோட்டாத் துப்பாக்கி இருந்தால், இதைப் படித்துவிட்டு அதில் கை வைக்காதீர்கள். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி அதைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கே தனி உரிமம் வேண்டும். அத்தகைய உரிமம் உள்ளவரிடமே கொடுங்கள்.