குழாய் போடப் பணம் வருகிறது, குழாயைக் காக்க வருவதில்லை

கேள்வி: தென்னாப்பிரிக்கக் கிராமங்களில் குடிநீருக்கும் கழிப்பிட வசதிக்கும் அரசு உண்மையிலேயே பணம் கொடுக்கிறதா? கொடுத்தால், தண்ணீர் லாரிக்காக மக்கள் வாளியோடு நிற்கும் படங்கள் ஏன் இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன?

கொடுக்கிறது. நிறையவே கொடுக்கிறது. குவாசூலு-நட்டால் மாகாணத்தின் உள்நாட்டில் ஒரு மாவட்ட முனிசிபாலிட்டியின் நிதிப் பிரிவில் 21 ஆண்டுகள் மானியக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். எந்த முனிசிபாலிட்டி என்று சொல்லப்போவதில்லை. நான் சொல்லப்போவது அங்கே மட்டும் நடந்ததும் இல்லை.

என் கரிசனம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது கடலோரத்து ஸ்டேங்கரில், இன்று குவாடுகுஸா என்று அழைக்கப்படும் ஊரில். 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தபின் ஐம்பது ஆண்டுகளாகக் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இறக்கினார்களே, அந்த வரிசையில் வந்தவர்கள் எங்கள் முன்னோர். என் ஆயா, அதாவது பாட்டி, தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். ஒரு வரிசை வீடுகளுக்கு ஒரே குழாய். கழிப்பிடம் என்றால் வாளிதான். தோட்டத்துச் சங்கு ஊதுவதற்கு முன் தண்ணீர் பிடித்தால்தான் அன்றைக்குச் சமையல், இல்லையென்றால் இல்லை. மாரியம்மனுக்குக் கஞ்சி காய்ச்சும் நாளில் மட்டும் ஆண்களும் குடம் எடுப்பார்கள் என்று ஆயா சொல்வார். எங்களுக்காவது அந்த ஒரு குழாய் இருந்தது. ஆற்றுக்கு அப்பால் இருந்த சூலுக் குடும்பங்களுக்கு அதுவும் இல்லை. ஓடைதான்.

1994இல் நிறவெறி ஆட்சி முடிந்து மக்களாட்சி வந்தபோது நாட்டின் கணக்கு இது: ஒரு கோடியே இருபது லட்சம் பேருக்குப் பாதுகாப்பான குடிநீர் இல்லை, இரண்டு கோடியே பத்து லட்சம் பேருக்கு முறையான கழிப்பிடம் இல்லை. அந்தப் பொறுப்பை ஏற்ற முதல் நீர்வளத் துறை அமைச்சர் காதர் அஸ்மால், எங்கள் ஸ்டேங்கரில் பிறந்தவர். 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு போதிய தண்ணீரை ஒவ்வொருவருக்கும் உரிமையாக்கியது. 1997இல் நீர்ச் சேவைச் சட்டம் வந்தது. ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர், வீட்டிலிருந்து 200 மீட்டருக்குள் குழாய் என்று குறைந்தபட்ச அளவு வைத்தார்கள். ஆண்டில் ஏழு நாளுக்கு மேல் எந்த வீட்டிலும் தண்ணீர் நின்றுபோகக் கூடாது என்றும் விதி இருக்கிறது. இந்த ஏழு நாளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியதன் பின்னால் ஒரு பெருந்துயரம் உண்டு. 2000 ஆகஸ்டில் எங்கள் மாகாணத்து எம்பங்கேனி ஊருக்குப் பக்கத்தில் காலரா வெடித்தது. அங்கே குழாய் இருந்தது, ஆனால் காசு கட்டினால்தான் தண்ணீர் என்று ஆக்கியிருந்தார்கள். கட்ட முடியாதவர்கள் ஆற்றுக்குப் போனார்கள். அடுத்த ஓராண்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள், இருநூறுக்கும் மேல் இறந்தார்கள். 2001 ஜூலை முதல் ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம் என்றானது. எட்டுப் பேர் உள்ள வீடு, ஆளுக்கு 25 லிட்டர், முப்பது நாள் என்று பெருக்கிப் பார்த்தால் அந்த எண் வரும்.

இனிப் பணத்தின் வழி. முக்கியமாக மூன்று மானியங்கள். முதலாவது முனிசிபல் உட்கட்டமைப்பு மானியம். இதுதான் பெரியது, அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 17 பில்லியன் ராண்டு. சாலை முதலியவற்றுக்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் கிராமப்புற மாவட்டங்களில் பெரும்பகுதி தண்ணீருக்கும் கழிப்பிடத்துக்குமே போகும். அணை, பெருங்குழாய், சுத்திகரிப்பு நிலையம் போன்றவற்றுக்கு வட்டார மொத்த நீர் மானியம் தனி. சிறு கிராமத் திட்டங்களுக்கு நீர்ச் சேவை உட்கட்டமைப்பு மானியம் இன்னொன்று. இந்த மூன்றிலும் பொதுவான ஒரு தன்மை இருக்கிறது. கட்டுவதற்குத் தருவார்கள். கட்டியதை நாள்தோறும் ஓட்டுவதற்கு, அதாவது மின்கட்டணம், குளோரின், இயக்குபவரின் சம்பளம் ஆகியவற்றுக்கு, அதிலிருந்து எடுக்கக் கூடாது.

ஓட்டுவதற்கான பணம் வேறு வாசல் வழியாக வருகிறது. நியாயப் பங்கு என்று தேசிய வருவாயிலிருந்து ஒவ்வொரு முனிசிபாலிட்டிக்கும் ஒரு தொகை உண்டு. ஏழைக் குடும்பங்களை எண்ணி, ஒரு வீட்டுக்குத் தண்ணீருக்கு இவ்வளவு, கழிவுநீருக்கு இவ்வளவு, மின்சாரத்துக்கு இவ்வளவு, குப்பைக்கு இவ்வளவு என்று சூத்திரம் போட்டே கொடுக்கிறார்கள். ஆனால் முனிசிபாலிட்டியின் கைக்கு வந்ததும் அது ஒரே மூட்டை. தண்ணீருக்கென்று எண்ணிக் கொடுத்த பணத்தைத் தண்ணீருக்குத்தான் செலவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சம்பளம், வாகனம், பழைய கடன் எல்லாவற்றுக்கும் அந்த மூட்டையிலிருந்து எடுத்தபின், மிச்சம்தான் பம்புக்கு. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கும் கதை. உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான், மற்றதெல்லாம் இதன் விளக்கம்.

ஒரு கிராமத்தைச் சொல்கிறேன். மலைச்சரிவில் சிதறிக் கிடக்கும் வீடுகள். ஆழ்துளைக் கிணறு, மின்மோட்டார், குன்றின் மேல் தொட்டி, கீழே பதினெட்டுத் தெருக்குழாய்கள். நல்ல திட்டம். பொறியாளரும் அக்கறையாகவே செய்திருந்தார். திறப்பு விழாவில் மாடு அடித்துச் சோறு போட்டார்கள். அந்த ஊர்ப் பெண் ஒருவருக்கு மோட்டார் போடவும் வால்வு திறக்கவும் பயிற்சி கொடுத்திருந்தார்கள். நான் அவரைச் சிசி (சகோதரி) என்று அழைப்பேன், அவர் என்னைப் பாபா (அப்பா) என்பார். கட்டுமானம் நடந்தவரை ஒப்பந்தக்காரர் வழியாக அவருக்குக் கூலி கிடைத்தது. கட்டி முடித்த மாதத்தோடு அது நின்றது. இயக்குபவர் என்ற பணியிடம் எங்கள் பட்டியலிலேயே இல்லை. இருந்தும் அவர் கூலியில்லாமல் ஐந்து மாதம் தினமும் குன்றேறினார்.

நவம்பரில் இடி விழுந்தது. மோட்டாரின் கட்டுப்பாட்டுப் பெட்டி கருகிவிட்டது. புதிதாக வாங்க ஆகும் செலவு ஒரு பக்கி வண்டிக்கு, அதாவது பிக்கப் வண்டிக்கு, நான்கு டயர் மாற்றும் செலவைவிடக் குறைவு. மானியத்திலிருந்து எடுக்க முடியாது, அது கட்டுமானப் பணம். பராமரிப்புக் கணக்கில் ஜூலையில் வைத்த தொகை அக்டோபரிலேயே தீர்ந்திருந்தது. வேறு கணக்கிலிருந்து மாற்றக் கோப்பு எழுதினேன். கையெழுத்து, மூன்று விலைப்புள்ளி, மறுபடி கையெழுத்து. பெட்டி வந்து சேர ஏழு மாதம் ஆனது. விதி சொல்வது ஏழு நாள்.

அந்த ஏழு மாதமும் தண்ணீர் லாரி போனது, வாரம் ஒரு முறை, சில வாரம் அதுவும் இல்லை. லாரிக்குக் கொடுத்த பணத்தை நான் கூட்டிப் பார்த்தேன். கருகிய பெட்டியைப் போலப் பல பெட்டிகள் வாங்கியிருக்கலாம். ஆனால் லாரி வாடகை அவசரச் செலவு, அதற்கு எப்படியும் பணம் கிடைத்துவிடும். பழுதுபார்ப்புதான் காத்திருக்க வேண்டும். பம்பு ஓடாத வரைதான் லாரிக்கு வேலை என்பது லாரிக்காரர்களுக்கும் தெரியும். அதிலிருந்து என்னென்ன விளையும் என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன்.

இதில் என் மனத்தை இன்றும் அறுப்பது வேறொன்று. எங்கள் நிதியாண்டு ஜூன் 30இல் முடியும். அந்த ஆண்டு நான் தயாரித்த அறிக்கையில் கட்டுமான மானியம் முழுவதும் செலவானதாக, நூற்றுக்கு நூறாக, காட்டியிருந்தேன். பொய்க் கணக்கு அல்ல, ராண்டு ராண்டாகச் சரியானது. செலவழிக்காத மானியம் தேசிய கருவூலத்துக்குத் திரும்பிப் போகும். செலவழிக்கத் தெரியாத முனிசிபாலிட்டியிடமிருந்து பிடுங்கி, செலவழித்துக் காட்டியவர்களுக்குக் கூடுதலாகக் கொடுப்பார்கள். ஆகவே எங்களைப் பாராட்டிக் கடிதம் வந்தது, அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். அதே வாரம் அந்தக் கிராமத்துக்குப் போயிருந்தேன். சிசியின் மகள், பத்து வயது இருக்கும், ஓடையிலிருந்து தலையில் இருபது லிட்டர் கேனோடு ஏறி வந்துகொண்டிருந்தாள். வழியில் எங்கள் புத்தம்புதுக் குழாயைத் தாண்டித்தான் வந்தாள். என் அறிக்கையில் அந்த வீடு தண்ணீர் வசதி பெற்ற வீடு.

2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 82 விழுக்காட்டுக் குடும்பங்களுக்கு வீட்டுக்குள்ளோ முற்றத்திலோ குழாய் இருக்கிறது. 1994இல் நின்ற இடத்தை நினைத்தால் இது பெரிய சாதனை, அதைக் குறைத்துப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் குழாய் இருப்பது ஒன்று, தண்ணீர் வருவது மற்றொன்று. நீர் இழப்பைப் பற்றி அரசே வெளியிட்ட 2023 ‘நோ டிராப்’ அறிக்கை, முனிசிபாலிட்டிகள் வழங்கும் தண்ணீரில் 47 விழுக்காடு வருவாய் தராமல் போகிறது என்கிறது. ஒழுகுவதும் அதில் சேர்த்தி, கணக்கில் வராததும் சேர்த்தி. குடிநீர்த் தரத்தைப் பற்றிய அதே ஆண்டின் நீலத் துளி அறிக்கையில், சோதித்த நீர்த் திட்டங்களில் 46 விழுக்காட்டில் கிருமி அளவு சரியில்லை. புதிய திட்டங்களுக்குத் தட்டுப்பாடு இருப்பதால் வந்த நிலை அல்ல இது. பழையவற்றைப் பார்த்துக்கொள்ள ஆளும் பணமும் இல்லாததால் வந்தது.

கழிப்பிட வசதியைப் பற்றியும் கேட்டீர்கள். கிராமங்களில் பாதாளச் சாக்கடை கிடையாது, அந்த மலைகளில் போடவும் முடியாது. அரசு கட்டித் தருவது காற்றோட்டக் குழிக் கழிப்பறை. குழியிலிருந்து ஒரு குழாய் கூரைக்கு மேலே போகும், அதன் வாயில் வலை. வெளிச்சத்தைத் தேடி மேலேறும் ஈ வலையில் சிக்கிச் சாகும், நாற்றமும் மேலே போய்விடும். எளிய, புத்திசாலித்தனமான அமைப்பு. ஆனால் குழி சில ஆண்டுகளில் நிரம்பும். கட்டுவதற்கு மானியம் உண்டு, அள்ளுவதற்கு இல்லை. நிரம்பிய குழியோடு குடும்பங்கள் என்ன செய்யும்? பக்கத்தில் இன்னொன்று தோண்டும், அல்லது காட்டுக்குப் போகும். வயதான பெண்கள் இருட்டும்வரை அடக்கிக்கொண்டு காத்திருப்பார்கள். இதை எழுதவே எனக்கு வலிக்கிறது, ஆனால் யாராவது எழுத வேண்டும்.

டர்பனை உள்ளடக்கிய எதெக்வினி மாநகரம் இதை வேறு விதமாகச் செய்து பார்த்தது. 2000இல் எல்லைகளை மாற்றி வரைந்தபோது பெருங்கிராமப் பகுதிகள் அதனுள் வந்து சேர்ந்தன. அங்கே சிறுநீரைப் பிரிக்கும் கழிப்பறைகளை ஏறத்தாழ 80,000 வீடுகளுக்குக் கட்டினார்கள். இரண்டு அறைகள் மாறி மாறிப் பயன்படும், நிரம்பியது உலர்ந்தபின் குடும்பமே அள்ளிப் புதைக்க வேண்டும். உலகம் பாராட்டியது, 2014இல் ஸ்டாக்ஹோமிலிருந்து விருதும் வந்தது. ஆனால் பல வீடுகளில் அதை மனம் ஏற்கவில்லை. தன் வீட்டு மலத்தைத் தானே அள்ள வேண்டும், நகரத்தாருக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினால் போய்விடும், இது என்ன நியாயம் என்ற கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. வாளிக் கழிப்பிடத்தைப் பற்றி ஆயா பேசும்போது குரல் தாழ்ந்துவிடும், அந்தக் கூச்சம் எனக்குப் புரியும். இருந்தாலும் எதெக்வினி செய்த ஒரு காரியத்தை மனமாரப் பாராட்டுகிறேன். காற்றோட்டக் குழிகளை ஐந்தாண்டுக்கு ஒரு முறை மாநகரச் செலவிலேயே அள்ளித் தர ஏற்பாடு செய்தார்கள். அள்ளுவதையும் சேவையாக எண்ணினார்கள். மற்ற இடங்களில் அந்த எண்ணம்தான் வரவில்லை.

சிறு நகரங்களின் சுத்திகரிப்பு நிலையங்கள் நிலைமையும் இதேதான். கழிவுநீர்ச் சுத்திகரிப்பைப் பற்றிய அரசின் 2022 பச்சைத் துளி அறிக்கையில் 850 முனிசிபல் கழிவுநீர் அமைப்புகளில் 334 அபாயகரமான நிலையில் இருப்பதாகக் கண்டார்கள். மேலே நகரத்தின் கழிவு ஆற்றில் கலந்தால், கீழே ஓடையில் கேன் நிரப்புவது கிராமத்துச் சிறுமிதான்.

ஊழல் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் ஒருவரும் ஒரு சென்ட் திருடாவிட்டாலும் அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஏழு மாதம் கழித்துத்தான் வந்திருக்கும், ஏனென்றால் பணம் பிரித்துக் கொடுக்கப்படும் முறையே அப்படி. தண்ணீருக்கென்று சூத்திரம் எண்ணும் பங்கைத் தனிக் கணக்கில் பூட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வேலையில் இருந்தபோது எழுத்தில் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

உங்கள் ஊரில் ஜல் ஜீவன் திட்டத்தில் வீட்டுக்கு வீடு குழாய் வந்திருந்தால், மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றித் திறந்துவிடுபவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: அவருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள், எந்த மாதம் வரை வந்திருக்கிறது.

இங்கே ஒவ்வொரு முனிசிபாலிட்டியும் வரைவு பட்ஜெட்டை மார்ச் முடிவதற்குள் மன்றத்தில் வைக்க வேண்டும், அதன்பின் மக்கள் கருத்துச் சொல்லலாம் என்பது சட்டம். சொத்து மதிப்பில் 8 விழுக்காட்டைப் பராமரிப்புக்கும் பழுதுபார்ப்புக்கும் வைப்பது முறை என்பது தேசியக் கருவூலத்தின் வழிகாட்டுதல். ஓய்வு பெற்றபின் நான் சில கிராமங்களுக்குப் போய், அந்தத் தடித்த புத்தகத்தில் அந்த ஒரு வரி எங்கே இருக்கும் என்று காட்டிக்கொடுக்கிறேன். கடந்த ஏப்ரலில் நடந்த கூட்டத்துக்குச் சிசியும் வந்திருந்தார். புதிய திட்டங்களின் பட்டியலைக் கவுன்சிலர் வாசித்து முடித்ததும் எழுந்து, பழுதுபார்ப்புப் பக்கத்தின் எண்ணைச் சொல்லி, அதைத் திறக்கச் சொன்னார். மேடையில் இருந்தவர்கள் பக்கம் புரட்டித் தேடினார்கள். அவர் உட்காராமல் காத்திருந்தார்.