படலம் உலரும் 40 விநாடிக்குள் எக்ஸிடானைப் பிடிப்பது எப்படி?

கேள்வி: கரிமக் குறைக்கடத்தியைக் கரைப்பானில் கரைத்துக் கண்ணாடித் தகட்டில் ஒரு துளி விடுகிறேன். சுமார் 40 விநாடியில் உலர்ந்து படலமாகிவிடுகிறது. அதற்குள் எக்ஸிடான்களின் (ஒளி பட்டதும் தோன்றும் எலக்ட்ரான்-துளை இணைகளின்) போக்கு எப்படி மாறுகிறது என்று பம்ப்-புரோப் முறையில் பார்க்க வேண்டும். அதாவது பம்ப் என்ற லேசர் துடிப்பால் தூண்டி, சற்றுத் தாமதித்து வரும் புரோப் என்ற துடிப்பால் அளக்க வேண்டும். 1 கிலோஹெர்ட்ஸ் டைட்டானியம்-சஃபையர் லேசர் இருக்கிறது. ஆனால் ஒரு முழு ஸ்கேனுக்கு 6 நிமிடம் பிடிக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: இந்தச் சோதனையில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று பம்புக்கும் புரோபுக்கும் இடைப்பட்ட தாமதம், பிகோ விநாடிக் (விநாடியில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) கணக்கு. மற்றது படலம் உருவாகும் நேரம், விநாடிக் கணக்கு. தாமத ஸ்டேஜை (ஒளிப் பாதையின் நீளத்தை மாற்றித் தாமதம் தரும் நகரும் மேடையை) சிறிய தாமதத்திலிருந்து பெரியதை நோக்கி வரிசையாக நகர்த்தினால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஸ்கேன் முடிவதற்குள் படலம் வளர்ந்து சமிக்ஞையும் ஏறியிருக்கும். விளைவு, வேகமாகத் தேயும் எக்ஸிடான்கூட மெதுவாகத் தேய்வதுபோல் தெரியும். வரைபடம் வழவழப்பாக வருவதால் பிழை கண்ணில் படாது என்பதுதான் இதில் மோசம்.

இருக்கும் கருவியை வைத்தே ஓரளவு சரிசெய்யலாம். 40 விநாடியை 5 விநாடித் துண்டுகளாகப் பிரியுங்கள். ஒரு துண்டுக்கு 12 தாமதங்கள் போதும்: −2, 0.3, 0.6, 1, 2, 4, 7, 12, 20, 35, 60, 100 பிகோ விநாடி (−2 என்றால் பம்புக்கு முன்பே புரோப் வருகிறது). முதலில் ஒற்றைப்படை இடத்துப் புள்ளிகளை ஏறுமுகமாகவும், பிறகு இரட்டைப்படை இடத்துப் புள்ளிகளை இறங்குமுகமாகவும் எடுங்கள். தாமதமும் படல நேரமும் ஒரே திசையில் ஓடாது. மிகப் பெரிய தாவலும் 65 பிகோ விநாடிதான். ஒளி ஸ்டேஜில் போய்த் திரும்புவதால் அது ஏறக்குறைய 10 மி.மீ. நகர்வு. புள்ளிக்கு 0.3 விநாடி அளவீடு, 0.1 விநாடி நகர்வு என்றால் ஒரு சுற்று 4.8 விநாடியில் முடியும். பழைய திருகு வகை ஸ்டேஜ் இந்த வேகத்துக்கு வராது. அப்போது புள்ளிகளை 8 ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இரைச்சல் தாங்குமா? புரோப் துடிப்புக்குத் துடிப்பு 0.5% ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 500 ஹெர்ட்ஸில் ஓடும் சாப்பரில் (கற்றையை விட்டுவிட்டு மறைக்கும் சுழல் தட்டில்) பம்ப் உள்ள துடிப்பு, இல்லாத துடிப்பு என ஓர் இணைக்குச் சுமார் 3 மில்லி ஓ.டி. இரைச்சல் வரும் (ஓ.டி. என்பது ஒளி உறிஞ்சலின் அளவு). 0.3 விநாடியில் 150 இணைகள். சராசரி எடுத்தால் 0.25 மில்லி ஓ.டி. சமிக்ஞை 5 மில்லி ஓ.டி. இருந்தால் தாராளம், 1 மில்லி ஓ.டி. என்றால் சிரமம். அப்போது ஒரே மாதிரிப் பல துளிகளை உலர்த்தித் தரவுகளைச் சேர்க்க வேண்டியிருக்கும். அதற்குத் துளியின் அளவு, தகட்டின் வெப்பநிலை, நைட்ரஜன் ஓட்டம் மூன்றும் ஒவ்வொரு முறையும் மாறாமல் இருக்க வேண்டும்.

அப்படியே இருந்தாலும் உலரும் வேகம் துளிக்குத் துளி கொஞ்சம் மாறும். ஆகவே துளி விட்ட நேரத்தை வைத்துத் தரவுகளைச் சேர்க்காதீர்கள். பம்ப் இல்லாத துடிப்புகளிலிருந்து அந்தக் கணத்து உறிஞ்சு நிறமாலை இலவசமாகவே கிடைக்கிறது. மூலக்கூறுகள் திரளும்போது தோன்றும் உறிஞ்சு பட்டை எவ்வளவு எழுந்திருக்கிறது என்பதையே படலத்தின் கடிகாரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஜையே ஒழித்துவிடும் வழியும் உண்டு: ஒற்றைத் துடிப்பு முறை. ஒரேகன் பல்கலைக்கழகத்தில் கேத்தி வாங் குழுவினர் படலம் உருவாகும்போதே அளக்கப் பயன்படுத்துவது இதைத்தான். உருளை வில்லையால் இரு கற்றைகளையும் கோடாகக் குவித்து, ஒன்றுக்கொன்று சாய்வாக மாதிரியில் விழச் செய்கிறார்கள். கோட்டின் ஒரு முனையில் பம்ப் முந்தும், மறுமுனையில் பிந்தும். புரோப் நேராகவும் பம்ப் 30 பாகைச் சாய்விலும் விழுந்தால், 15 மி.மீ. கோட்டில் 25 பிகோ விநாடி வரையான தாமதங்கள் ஒரே நேரத்தில் கிடைக்கும். ஆனால் இங்கே இடமே காலமாகிவிடுகிறது. படலம் கோடு நெடுகிலும் ஒரே சீராக இல்லாவிட்டால், தடிமன் வேறுபாடு தேய்வு வளைகோடாக வேடம் போடும். காபிக் கறைபோல் விளிம்பில் தடிக்கும் துளியை இதில் நம்ப முடியாது. சீரான சாயக் கரைசலை அதே இடத்தில் வைத்து முதலில் அளந்தால் பம்ப் செறிவின் ஏற்றத்தாழ்வு தெரியும், அதால் வகுத்துத் திருத்திவிடலாம். படலத்தின் சொந்த மேடுபள்ளத்தை அறிய, தகட்டைப் பக்கவாட்டில் 2 மி.மீ. நகர்த்தி மறுபடி அளந்து பாருங்கள். உண்மையான தேய்வு அசையாது. படலத்தின் குறை தகட்டோடு நகரும்.

எந்த முறையானாலும் பெரும்பாலோர் சறுக்குவது பம்ப் ஆற்றலில்தான். கரைசலில் மூலக்கூறுகள் தனித்தனியாக இருக்கும்போது தொல்லை தராத செறிவு, படலமான பிறகு எக்ஸிடான்களை ஒன்றோடொன்று மோதி அழியச் செய்யும். தேய்வு விரைவடையும், அதைப் படிகமாதலின் விளைவு என்று எழுதிவிடுவோம். 200 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள புள்ளிக்கு 2 நானோ ஜூல் போதும், சதுர செ.மீ.க்குச் சுமார் 6 மைக்ரோ ஜூல். பிறகு அதைப் பாதியாக்கிப் பாருங்கள். இரண்டு வளைகோடுகளையும் உச்சத்தால் வகுத்தால் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். இந்தச் சோதனையை உலர்ந்த படலத்தில் செய்யுங்கள், ஈரத் துளியில் அல்ல.

படிகங்கள் தோன்றும் நொடியில் பம்ப் ஒளி சிதறிக் கேமராவுக்குள் பாயும். புரோப்பை மறைத்துப் பம்பை மட்டும் விட்ட துடிப்புகளையும் இடையிடையே எடுத்துக் கழித்துவிடுங்கள். அதற்குப் புரோப் பாதையில் இரண்டாவது சாப்பர் வேண்டும், 250 ஹெர்ட்ஸில். சமிக்ஞையை அளக்கக் கிடைக்கும் துடிப்புகள் பாதியாகும், வேறு வழியில்லை.

லேசரே படலத்தைக் கெடுக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். இன்னொரு துளியை லேசர் படாமல் முழுதாக உலரவிட்டு, கடைசியில் மட்டும் அளவிடுங்கள். அதன் நிறமாலையும் தேய்வும் முதல் விநாடியிலிருந்தே லேசர் பட்ட படலத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால், பம்பைக் குறைத்துத் துளியை மாற்றி மறுபடி தொடங்குங்கள்.