ஏசி கேஸ் தானா தீராதுங்க! வாசகர் கேள்வி பதில்

கேள்வி: செப்டம்பர் 16 ஓசோன் தினமாம், பையன் ஸ்கூல்ல பூமிக்கு குடை பிடிக்கிற மாதிரி சார்ட் கேக்குறாங்க. ஏப்ரல்ல பூமி தினத்துக்கு ஒண்ணு, ஜூன்ல சுற்றுச்சூழல் தினத்துக்கு ஒண்ணு. இதெல்லாம் கொண்டாடி நிஜமா ஏதாச்சும் நடந்திருக்கா சார்?
வாசகி, திண்டுக்கல்

பதில்: மத்த நாளுங்கள பத்தி கேட்டிருந்தா மென்னு முழுங்கியிருப்பேன், நல்லவேளை ஓசோனை, அதான் வெயிலோட கெட்ட கதிரை மேலயே தடுக்கற கேஸ் படலத்தை கேட்டீங்க. 1987ல அதே செப்டம்பர் 16 அன்னைக்குதான் ஓசோனை கெடுக்கற சரக்கை நிறுத்தறதுக்கு கனடாவுல மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. 1974லயே மோலினா, ரோலண்ட்னு ரெண்டு விஞ்ஞானிங்க ஃப்ரிட்ஜ்லயும் ஸ்ப்ரே டப்பாலயும் இருக்கற சிஎஃப்சி கேஸ் மேல போய் ஓசோனை அழிக்கும்னு எழுதிட்டாங்க, தயாரிக்கிற கம்பெனிங்க ஒத்துக்கவே இல்ல, 1985ல அண்டார்டிகாவுல அளந்து பாத்த பிரிட்டிஷ் ஆளுங்க அங்க ஓசோன் படுமோசமா குறையுதுன்னு போட்டு உடைச்சதும்தான் வேலை ஓடுச்சு, ரெண்டே வருஷத்துல ஒப்பந்தம். இன்னைக்கு எல்லா நாடும் அதுல இருக்கு, ஓசோனை கெடுக்கற சரக்குல 100க்கு 98 பங்கு நின்னுபோச்சு. என்னை கேட்டா ஜெயிச்சதுக்கு காரணம், வாங்காதீங்கன்னு நம்மகிட்ட கெஞ்சிட்டு இருக்காம தயாரிக்கற ஃபேக்டரியிலயே கை வெச்சதுதான், ஏழை நாடுங்களுக்கு கூடுதல் டைமும் மாத்திக்க பணமும் குடுத்தாங்க. பையனை குடைக்கு பதிலா ஃப்ரிட்ஜ் வரைய சொல்லுங்க, டீச்சர் முழிச்சா நான் பொறுப்பில்ல.

கேள்வி: ஓசோன் ஓட்டை நம்ம தலைக்கு மேல இருக்கா?
வாசகர், கடலூர்

பதில்: இல்ல, அண்டார்டிகா மேல. ஓட்டைன்னு சொல்றோமே தவிர அங்க ஓசோன் ரொம்ப மெலிஞ்சு போகுது, அவ்ளோதான். குளிர்காலத்துல அங்க உயரத்துல உண்டாகற ஒரு மாதிரி மேகத்துல சிஎஃப்சில இருந்து வந்த குளோரின் தயாராகி நிக்கும், செப்டம்பர்ல வெயில் வந்ததும் ஓசோனை காலி பண்ண ஆரம்பிச்சிரும். ஆக நாம ஓசோன் நாள் கொண்டாடற சமயத்துலதான் அது நல்லா வாய பொளந்துட்டு இருக்கும்! 2066 வாக்குல 1980 நிலைமைக்கு வந்துரும்னு ஐநா நிபுணர்கள் கணக்கு.

கேள்வி: வருஷா வருஷம் ஏசிக்கு கேஸ் டாப்அப் பண்ண சொல்றாரு மெக்கானிக். இதனாலயும் ஓசோனுக்கு கேடா?
வாசகர், ஆவடி

பதில்: முதல்ல உங்க பர்ஸுக்கு கேடு. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிஞ்சு தீராது, குழாய்க்குள்ளயே சுத்திட்டு இருக்கும், குறைஞ்சா லீக்னுதான் அர்த்தம். அவுட்டோர் யூனிட்ல காப்பர் பைப் சேர்ற நட்டு மேல சோப்பு நுரைய தடவ சொல்லுங்க, ஓட்டை அங்க இருந்தா முட்டை முட்டையா கிளம்பும், அதை அடைக்காம கேஸ் ரொப்பறது வீண். யூனிட்ல ஒட்டியிருக்கற ஸ்டிக்கரையும் பாருங்க, ஆர் 22ன்னு இருந்தா பழைய சரக்கு, ஓசோனை கொஞ்சம் கெடுக்கும். ஆர் 32, ஆர் 410ஏ ரெண்டும் ஓசோனை தொடாது, ஆனா பூமிய சூடாக்கும், அதை குறைக்கத்தான் 2016ல ருவாண்டாவோட கிகாலில மாண்ட்ரியல் ஒப்பந்தத்தையே திருத்துனாங்க. இன்னொண்ணு, வீடு மாத்தும்போது சிலர் ஏசிய கழட்டறப்ப கேஸை உஸ்ஸுன்னு வெளிய விட்ருவாங்க, பக்கத்துலயே நின்னு பம்ப் டவுன் பண்ணுங்கன்னு சொல்லுங்க, கேஸ் மொத்தமும் அவுட்டோர் யூனிட்டுக்குள்ள போய் உக்காந்துக்கும், புது வீட்டுல திரும்ப ரொப்பற செலவும் மிச்சம்.