கல்லுப்பு ஏன் கசிகிறது? ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர் பதில் சொல்கிறார்

ஆறுகள் எல்லாம் நல்ல தண்ணீரைத்தான் கடலில் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. கடல் மட்டும் ஏன் உப்பு?
*ச.மு., கோவில்பட்டி*

ஆற்றுத் தண்ணீரில் ஒன்றுமே இல்லை என்று யார் சொன்னது? தாமிரபரணித் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சிப் பாருங்கள், பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பொருக்கு நிற்கும். மழைநீர் பாறையைக் கரைத்துக் கொண்டுவந்த சொத்து அது.

வேடிக்கை என்னவென்றால், உலகத்து ஆறுகளில் கரைந்திருப்பவற்றில் முதலிடம் கால்சியத்துக்கும் பைகார்பனேட்டுக்கும்தான். கடலிலோ கதை தலைகீழ். ஒரு கிலோ கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. சோடியமும் குளோரைடும் மட்டுமே அதில் 30 கிராம். கால்சியம் அரை கிராம்கூட இல்லை. அத்தனை கால்சியமும் எங்கே போனது? சங்கு, சிப்பி, பவளம், கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள் எல்லாம் அதை எடுத்து ஓடு கட்டிக்கொள்கின்றன. செத்த பிறகு அந்த ஓடுகள் அடியில் படிந்து சுண்ணாம்புக்கல் ஆகின்றன. சோடியத்தை அப்படிக் கேட்பார் இல்லை, நெடுங்காலம் தங்கிவிடுகிறது. குளோரைடு பெரும்பாலும் பாறை கரைந்து வந்ததே அல்ல. பூமியின் இளமைக் காலத்தில் எரிமலைகள் கக்கிய வாயுவிலிருந்து வந்தது.

நெடுங்காலம் என்றேனே தவிர, நிரந்தரம் என்று சொல்லவில்லை. அயர்லாந்தைச் சேர்ந்த ஜான் ஜோலி 1899இல் ஒரு கணக்குப் போட்டார். கடலில் உள்ள சோடியத்தை, ஆறுகள் ஆண்டுதோறும் கொண்டுவரும் சோடியத்தால் வகுத்தார். பூமிக்கு வயது 8, 9 கோடி ஆண்டு என்று விடை வந்தது. உண்மையில் 450 கோடிக்கும் மேல். கடலை அவர் உண்டியல் என்று நினைத்துவிட்டார். போட்டது வெளியே வராது என்று. வருகிறது. களிமண் துகள்களோடு ஒட்டிப் படிகிறது, வற்றிய கடல்களில் உப்புப் பாறையாகிறது. நாட்டு மருந்துக் கடையில் இந்துப்பு வாங்குகிறீர்களே, 2025 வரை பெரும்பாலும் பாகிஸ்தானின் கேவ்ரா சுரங்கத்திலிருந்து வந்தது, அது 50 கோடி ஆண்டுக்கும் முன்னால் வற்றிய கடல். அதைக் ‘கடலுப்பு அல்ல’ என்று சொல்லி விற்பதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும்.

மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடியில் தண்ணீர் விடுகிறது. கலப்படமா?
*வி.ரா., தஞ்சாவூர்*

இல்லை அம்மா, மக்னீசியம். தூத்துக்குடி உப்பளங்களில் நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்டவைக்கிறார்கள். எவ்வளவு சுண்டியது என்பதை ஒரு மிதவைமானியை விட்டு, டிகிரிக் கணக்கில் பார்ப்பார்கள். இது சூட்டின் டிகிரி அல்ல, நீரின் அடர்த்தியைச் சொல்லும் பாமே டிகிரி. கடல்நீர் 3 டிகிரி சுமார். சுண்டச் சுண்ட முதலில் சுண்ணாம்பு படியும், அப்புறம் ஜிப்சம். 25 டிகிரி வாக்கில்தான் சாப்பாட்டு உப்பு விளையும். 29, 30 என்று மேலே போகவிட்டால் மக்னீசிய உப்புகளும் கூடவே சேர்ந்துவிடும். அதனால் அதற்குள் உப்பை வாரிவிட்டு, மிஞ்சிய கசப்பு நீரை வெளியேற்றிவிடுவார்கள்.

அந்தக் கசப்பு நீர் கல்லுப்புப் பரலில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே வரும். சுத்தமான உப்பு கசிய, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட வேண்டும். மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். பாக்கெட் தூள் உப்பில் இதைக் கழுவி நீக்கி, கட்டிபிடிக்காமல் இருக்க வேறு ஒரு பொருளும் சேர்க்கிறார்கள்.

கன்னியாகுமரியில் பல நிற மணல் பாக்கெட் வாங்கினோம். அம்மனின் கல்யாணம் நின்றுபோனதால் அரிசியும் பருப்பும் மணலாகிவிட்டன என்கிறார் பாட்டி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
*பள்ளி மாணவர், மதுரை*

பாட்டி சொல்லும் கதையை விடாதே தம்பி. நான் சொல்வதையும் பக்கத்தில் வைத்துக்கொள்.

கறுப்பு மணல் இல்மனைட், சிவப்பு கார்னெட், மஞ்சள் சாயல் மோனசைட், வெளிறியது குவார்ட்ஸ். எல்லாம் தெற்கு மேற்குத்தொடர்ச்சி மலையின் பழம்பாறைகள் சிதைந்து ஆற்றோடு வந்தவை. குவார்ட்ஸ் தண்ணீரைப் போல 2.65 மடங்கு எடை. இல்மனைட் 4.7 மடங்கு, மோனசைட் 5 மடங்கு. தென்மேற்குப் பருவக்காற்றில் அலைகள் சீறும்போது இலேசான குவார்ட்ஸை வாரிக்கொண்டு போய்விடும், கனமானது கரையிலேயே நிற்கும். மணவாளக்குறிச்சிக் கரை கறுத்துக் கிடப்பது இதனால்தான்.

அந்த மோனசைட் வெளியுலகுக்குத் தெரியவந்த விதம் இன்னும் ருசியானது. திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன தென்னங்கயிற்றில் மணல் ஒட்டியிருந்தது. ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலர் 1909இல் அதில் மோனசைட்டைக் கண்டுகொண்டு, தேடிக்கொண்டு இங்கேயே வந்துவிட்டார். அதிலுள்ள தோரியம் அன்று கேஸ் விளக்கில் சூடேறி ஒளிவிடும் வலையான மேண்டிலுக்குத் தேவைப்பட்டது.

மெரினா அவ்வளவு அகலம். ராயபுரம் பக்கம் மட்டும் ஏன் கல்லாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள்?
*கே.எஸ்., சென்னை*

நடுவில் துறைமுகம் இருப்பதால். நம் கிழக்குக் கரையில் மணல் ஓர் இடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவ மாதங்களில் அலைகள் அதை வடக்கே தள்ளும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே. கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே தேங்கிய மணலால் மெரினா அகன்றது. வடக்கே வரவு நின்றும் அலையின் அரிப்பு நிற்கவில்லை, கரை கரைந்தது.

இது தெரிந்த பிறகும் 1980களில் புதுச்சேரியில் அதையே செய்தோம். அங்கே கடற்கரைச் சாலையை ஒட்டிக் கருங்கல் குவித்திருப்பதும் இதே காரணத்தால்தான்.