ஒரே மெகாபிக்சல், இரண்டு சென்சர்: கேள்வி பதில்

கேள்வி (கல்லடி): ஐயா, நிக்கோன் டி750, டி7200 இரண்டுமே 24 மெகாபிக்சல் கமராக்கள்தாம். பிறகு ஒளியை வாங்கிப் படமாக்கும் சென்சரில் என்ன வேறுபாடு?

பதில்: பரப்புத்தான். 2014இல் வெளிவந்த டி750இன் சென்சர் ஏறத்தாழ 36 மிமீ நீளமும் 24 மிமீ அகலமும் கொண்டது. அடுத்த ஆண்டு வந்த டி7200இல் அது 23.5க்கு 15.6 மிமீ. அதாவது, ஏறக்குறைய அதே எண்ணிக்கையான பிக்சல்கள் டி750இல் 2.3 மடங்கு பெரிய இடத்தில் அமைந்துள்ளன.

கேள்வி (கொக்கட்டிச்சோலை): எங்கள் ஊர்க் களரியில் விடியவிடிய ஆடும் வடமோடிக் கூத்தை டி7200இல் எடுக்கிறேன். படமெங்கும் புள்ளி புள்ளியாக இரைச்சல். டி750 வாங்கினால் தீருமா?

பதில்: குறையும், முற்றாகத் தீராது. மாரி தொடங்கும்போது முற்றத்து மணலில் விழும் முதல் தூறலைக் கவனித்திருப்பீர்கள்: ஓரிடத்தில் நாலு துளி, பக்கத்தில் ஒன்றுமில்லை என நிலம் திட்டுத்திட்டாகத் தெரியும், மழை பெருத்தபின் எல்லா இடமும் ஒரே ஈரமாகிவிடும். ஒளியும் துகள் துகளாக, ஒழுங்கின்றித்தான் சென்சரில் விழுகிறது. களரியின் மங்கலான வெளிச்சத்தில், சுழன்றாடும் ஆட்டக்காரரை நிறுத்திப் பிடிக்க ஷட்டர் வேகத்தை 1/250 செக்கனாக வைக்கும்போது சேரும் ஒளி மிகக் குறைவு. அந்தத் திட்டுகளையே நாம் இரைச்சலாகக் காண்கிறோம். அதே காட்சியை அதே லென்ஸ் திறப்பில் (எஃப் எண்ணில்) எடுத்தால் பெரிய சென்சர் 2.3 மடங்கு ஒளியைச் சேர்க்கும் என்பதால், டி7200 ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 3200இல் தரும் தெளிவை டி750 ஏறத்தாழ 6400இலும் தரும்.

ஆனால் கமராவை மாற்றுமுன் உங்கள் லென்ஸைப் பாருங்கள். எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகும்: எஃப் 4இல் எடுப்பவர் எஃப் 1.8 திறப்புள்ள 50 மிமீ லென்ஸுக்கு மாறினால் ஏறத்தாழ 5 மடங்கு ஒளி கிடைக்கும். இது சென்சர் தரும் நன்மையிலும் பெரிது, செலவும் மிகக் குறைவு. அகன்ற திறப்பில் முன்னே நிற்பவர் தெளிவாக இருக்க, பின்னே ஆடுபவர் மங்குவார் என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும். நானாயின் முதலில் லென்ஸைத்தான் வாங்குவேன்.

கேள்வி (காத்தான்குடி): என்னிடமுள்ள, சிறிய சென்சருக்கான டிஎக்ஸ் லென்ஸ்களை டி750இல் பூட்டலாமா?

பதில்: பூட்டலாம். ஆனால் சென்சரின் நடுப்பகுதி மட்டுமே பயன்பட்டு, படம் ஏறத்தாழ 10 மெகாபிக்சலாகச் சுருங்கிவிடும்.

கேள்வி (பொத்துவில்): குமணையில் பறவைகளை 300 மிமீ லென்ஸால் எடுக்க எது நல்லது?

பதில்: பகல் வெளிச்சத்தில் டி7200. லென்ஸ் நீளுவதில்லை, சிறிய சென்சர் நடுக்காட்சியை மட்டும் எடுப்பதால், டி750இன் பெரிய சென்சரில் 450 மிமீ லென்ஸ் காட்டும் அளவு தெரிகிறது. தொலைவில் நிற்கும் மஞ்சள் மூக்கு நாரையின் உடலில் டி750ஐ விட இரு மடங்குக்கு மேற்பட்ட பிக்சல்கள் விழும். இறகின் வரிகள் தெரிவது அதனால்தான்.

கேள்வி (மருதமுனை): கைத்தறிச் சேலைகளை டி7200இல் எடுக்கும்போது நெசவில் இல்லாத நிற அலைகள் படத்தில் தெரிகின்றன. கமரா பழுதா?

பதில்: பழுதன்று. நெசவின் நுண்ணிய கோடுகளும் பிக்சல் வரிசைகளும் ஒன்றோடொன்று மோதுவதால் எழும் அலைகள் அவை. அவற்றைத் தணிக்கும் மென்வடிகட்டி டி750இல் உண்டு. கூடுதல் கூர்மைக்காக டி7200இல் அதை நீக்கியிருக்கிறார்கள். சேலையிலிருந்து சற்று விலகியோ நெருங்கியோ நின்று, கமராவைச் சிறிது சரித்து எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் மறைந்துவிடும்.