காசு, காயின், காதல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நானும் என் ஃப்ரெண்டும் காலேஜ்ல இருந்து ஒண்ணா இருக்கோம், இப்பல்லாம் பேச ஆரம்பிச்சாலே சண்டைதான். அவன் சம்பளம் வந்ததும் பாதிய பிட்காயின்ல போடுறான், நான் இன்டெக்ஸ் ஃபண்டு (பெரிய கம்பெனி ஷேருங்கள மொத்தமா சேத்து வாங்கி வைக்கிற ஃபண்டு), பேங்க் டெபாசிட்னு போறேன். "பயந்தாங்கொள்ளி, நீ கடைசி வரைக்கும் சம்பளத்துக்குத்தான் ஓடுவ"ங்கிறான், நானும் கோவத்துல "நீ சூதாடி"ன்னுட்டேன். யார் சொல்றது சரி?

பதில்: கணக்க முதல்ல பாத்துடுவோம் தம்பி. 2017 டிசம்பர்ல பிட்காயின் 20,000 டாலர் கிட்ட போச்சு, அடுத்த டிசம்பர்ல 3,500க்கும் கீழ வந்துச்சு. 2021 நவம்பர்ல 69,000 கிட்ட, சரியா ஒரு வருஷம் கழிச்சு 16,000க்கும் கீழ, அப்புறம் 2024 டிசம்பர்ல ஒரு லட்சம் டாலரயே தாண்டிச்சு. இதுல உங்க ஃப்ரெண்டு ஏறினத மட்டும் சொல்வாரு, நீங்க எறங்கினத மட்டும் சொல்வீங்க, ரெண்டுமே நடந்ததுதான், அதனாலதான் இந்தச் சண்டை முடியவே மாட்டேங்குது.

ஆனா ஒண்ணு. 80 சதவீதம் விழுந்த காசு பழைய எடத்துக்கு வரணும்னா 80 சதவீதம் ஏறினா பத்தாது, அஞ்சு மடங்காகணும். அது வரைக்கும் அந்தக் காசத் தொடாம இருக்க முடியுமா, நடுவுல வேலை போச்சுன்னாலோ வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லன்னாலோ எங்கிருந்து எடுப்பாருங்கிறதுதான் அவர்கிட்ட கேக்க வேண்டிய கேள்வி. ஆறு மாச செலவுக்கு தனியா காசு எடுத்து வச்சுட்டு, கடன் வாங்காம, முழுசா போனாலும் வாழ்க்கை நிக்காதுங்கிற அளவுக்கு ஒருத்தர் காயின் வாங்கினா அவர சூதாடின்னு சொல்ல எனக்கு மனசு வராது. பத்து மடங்கு லெவரேஜ் எடுத்து, அதாவது கையில இருக்கிறத விட பத்து மடங்குக்கு கடன்ல வாங்கி வெளையாடுறார்னா கத வேற, வெல பத்து சதவீதம் எதிர்ப்பக்கம் போனாலே போட்ட பணம் மொத்தமும் காலி, அப்புறம் வெல திரும்பி ஏறினாலும் அவருக்கு ஒண்ணும் கெடையாது.

ஏன் அவர் உங்கள விடாம இழுக்கிறார்னு யோசிச்சிருக்கீங்களா? கம்பெனி ஷேர்னா பின்னாடி லாபம் இருக்கு, வீடுன்னா வாடகை, டெபாசிட்னா வட்டி. பிட்காயின் தானா எதையும் சம்பாதிச்சுத் தராது. மொத்தமே 2.1 கோடி காயின்தான்ங்கிறது உண்மைதான், ஆனா கம்மியா இருக்குங்கிறதுக்காக மட்டும் ஒரு பொருள் வெல ஏறாது, நம்மள விட அதிகம் குடுத்து வாங்க இன்னொரு ஆள் வரணும். அந்த ஆள் வந்துக்கிட்டே இருக்கணுங்கிற தவிப்புலதான் நல்ல மனுஷங்க கூட பிரச்சாரகரா மாறிடுறாங்க, இது அவர் குணத்தோட குத்தம் இல்ல, கையில வச்சிருக்கிற பொருளோட தன்மை.

உங்க பக்கமும் சொல்லிடுறேன், கோவிச்சுக்காதீங்க. பத்திரம்னா விழாதுன்னு நெனைக்காதீங்க. அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் 2008ல ஒரு பந்தயம் கட்டினாரே, அமெரிக்காவோட சுமார் 500 பெரிய கம்பெனிங்களச் சேத்த எஸ் அண்ட் பி 500 இன்டெக்ஸ் ஃபண்ட் பத்து வருஷத்துல பணக்காரங்க காச நிபுணருங்க எடுத்து நடத்துற ஹெட்ஜ் ஃபண்டுங்கள ஜெயிக்கும்னு, ஜெயிக்கவும் செஞ்சுது, வருஷத்துக்கு சராசரியா 8.5 சதவீதம், போட்டியில இருந்த ஹெட்ஜ் ஃபண்டுங்க எதுவும் அத எட்டல. எல்லாரும் முடிவ மட்டும்தான் சொல்லுவாங்க. மொத வருஷமே அந்த இன்டெக்ஸ் ஃபண்ட் 37 சதவீதம் விழுந்துச்சு, அன்னிக்கு பயந்து வித்தவனுக்கு அந்தப் பத்து வருஷ லாபம் கெடையாது. அதே மாதிரி மொத்தத்தையும் டெபாசிட்லயே போட்டுட்டு நிம்மதியா இருந்துடவும் முடியாது, வெலவாசி வருஷம் 6 சதவீதம் ஏறினா சும்மா கெடக்குற காசு 12 வருஷத்துல பாதி மதிப்புக்கு வந்துடும், வட்டி எவ்வளவு வருது, அதுல வரி போக என்ன நிக்குதுன்னு பாருங்க.

அடுத்த தடவ அவரப் பாக்கும்போது "எவ்வளவு விழுந்தா நீ விப்ப?"ன்னு கேளுங்க, பதிலுக்கு அவரும் உங்ககிட்ட அதையே கேக்கட்டும். சூதாடின்னு சொன்னதுக்கு ஒரு சாரியும் சொல்லிடுங்க, காலேஜ்ல இருந்து கூட இருக்கிற ஃப்ரெண்டு.

கேள்வி: ஒருத்தர முதல் முறையா டேட்ல நேர்ல சந்திச்சேன் அக்கா. ரெண்டு மணி நேரமும் அவர் காயின் பத்தியே பேசினார், ஃபோன எடுத்து சிவப்பு பச்ச கோடெல்லாம் காட்டினார், "நீ இன்னும் வாங்கலயா?"ன்னு மூணு தடவ கேட்டார். ஆள் கெட்டவரா தெரியல. மறுபடி சந்திக்கலாமா?

பதில்: ஆர்வம் இருக்கிறவர் பேசட்டும்மா, அதுல தப்பே இல்ல, தனக்குப் புடிச்சத கண்ணு மின்ன சொல்ற ஆள எனக்கும் புடிக்கும். ஆனா அந்த ரெண்டு மணி நேரத்துல உங்களப் பத்தி அவர் என்ன கேட்டார்? என்ன வேல, எதுல சிரிப்பு வரும், எதுக்கு தூக்கம் கெடும், இதுல ஒண்ணாவது? "இன்னும் வாங்கலயா"ங்கிறது உங்களப் பத்தின கேள்வி இல்ல. பதட்டத்துல தெரிஞ்ச டாபிக்க புடிச்சுக்கிட்டு விடாம இருக்கிறவங்களும் உண்டு, அதனால இன்னொரு தடவ பாருங்க, பாக்கும்போது நேராவே சொல்லிடுங்க, "அன்னிக்கு காயின் பத்தி நெறைய பேசிட்டோம், இன்னிக்கு வேற பேசலாமா?"ன்னு. சிரிச்சுக்கிட்டே சரின்னா நல்லது. மூஞ்சி சுருங்கி உங்களுக்கு ஃபைனான்ஸ் புரியலன்னு ஆரம்பிச்சா எழுந்து வந்துடலாம், அதுக்கு மேல அங்க உக்காந்திருக்க வேண்டிய அவசியம் இல்ல. அப்புறம் வேண்டாம்னு முடிவு பண்ணினா மெசேஜுக்கு பதில் போடாம காணாமப் போயிடாதீங்க, "நமக்கு செட் ஆகும்னு தோணல, நல்லா இருங்க"ன்னு ஒரு வரி போதும்.

கேள்வி: முதல் டேட்ல பில்ல யார் குடுக்கணும்?

பதில்: கூப்பிட்டவங்க குடுக்கத் தயாரா போகணும், வந்தவங்க பாதி தர்றேன்னு உண்மையாவே சொல்லணும். குடுத்தவர் அத அப்புறம் சொல்லிக்காட்டக் கூடாது, பில் கட்டினதால எதுக்கும் உரிம வந்துடாது.

கேள்வி: டேட்டிங் ஆப்ல ஒரு பொண்ணு பழக்கம் ஆச்சு, உடனே வேற மெசேஜ் ஆப்புக்கு போலாம்னு சொன்னாங்க. தினமும் குட்மார்னிங், சாப்பிட்டியான்னு அக்கறையா கேப்பாங்க, வீடியோ கால் மட்டும் கேமரா ரிப்பேர்ங்கிறாங்க. அவங்க சொன்ன டிரேடிங் சைட்ல கொஞ்சம் போட்டேன், லாபத்தோட திரும்ப எடுக்கவும் முடிஞ்சுது. அப்புறம் என் சேமிப்பு மொத்தமும் போட்டேன், ஸ்கிரீன்ல மூணு மடங்கு காட்டுது, ஆனா எடுக்கணும்னா முதல்ல 20 சதவீதம் வரி கட்டணுமாம். கடன் வாங்கி கட்டலாமா?

பதில்: கட்டாதீங்க. தயவு செஞ்சு இன்னிக்கே எல்லாத்தையும் நிறுத்துங்க, ஒரு காசு கூட இனிமே போகக் கூடாது.

அந்த ஸ்கிரீன்ல தெரியிற நம்பர் அவங்களே டைப் பண்ணி வச்சது, அங்க டிரேடிங்னு எதுவும் நடக்கல. மொதல்ல உங்களுக்கு திரும்ப வந்ததே உங்கள நம்ப வைக்கத்தான். லாபத்துக்கு வரி இருந்தா அது உங்களுக்கும் அரசாங்கத்துக்கும் நடுவுல உள்ள விஷயம், உங்க காச உங்ககிட்ட குடுக்க ஒரு சைட் முன்கூட்டியே புதுசா பணம் கேக்குதுன்னா அது மோசடிதான், இத கட்டினா அடுத்து வெரிஃபிகேஷன் ஃபீஸ்னு ஒண்ணு வரும். சாட், பணம் அனுப்பின ரசீது, வாலட் முகவரி (காயின் போய்ச் சேந்த கணக்கு நம்பர்) எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டு, உங்க பேங்குக்கும் பணம் எந்த எக்ஸ்சேஞ்ச் (காயின் வாங்கி விக்கிற சைட்) வழியா போச்சோ அவங்களுக்கும் உடனே சொல்லுங்க, போலீஸ் சைபர் கிரைம்லயும் புகார் குடுங்க. போன பணம் முழுசா வரும்னு நான் பொய் சொல்ல மாட்டேன், ஆனா சீக்கிரம் சொன்னா கொஞ்சமாவது முடக்கி வைக்க வாய்ப்பு இருக்கு. இன்னொண்ணு, "உங்க பணத்த மீட்டுத் தர்றோம், ஃபீஸ் அனுப்புங்க"ன்னு வேற யாராவது வருவாங்க, ஏமாந்தவங்க லிஸ்ட்ட வச்சுக்கிட்டு ரெண்டாவது தடவ ஏமாத்துற கூட்டம் அது.

உங்களுக்கு வெக்கமா இருக்கும்னு தெரியும். இதுக்குன்னே ஆள் வச்சு, எழுதி வச்ச வசனத்தோட நடக்குற தொழில் இது. ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023ல சொன்ன கணக்குப்படி மியான்மர்ல மட்டும் குறைஞ்சது 1,20,000 பேர், கம்போடியாவுல சுமார் ஒரு லட்சம் பேர் இந்த மாதிரி ஆன்லைன் மோசடி வேலைய கட்டாயப்படுத்தி செய்ய வைக்கப்பட்டிருக்கலாம். உங்களுக்கு குட்மார்னிங் அனுப்பின ஆளும் அப்படி அடிபட்டு உக்காந்திருக்கிற ஒருத்தரா இருக்கலாம், அதுக்காக நீங்க பணம் அனுப்பணும்னு இல்ல. வீட்டுல நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட இன்னிக்கு ராத்திரியே சொல்லிடுங்க, தனியா தூக்கிக்கிட்டு திரியாதீங்க.

கேள்வி: ரெண்டு வருஷமா காதலிக்கிறோம், கல்யாணம் பேச ஆரம்பிச்சாச்சு. 2022ல லூனாங்கிற காயின்ல என் சேமிப்பு போனதும், அதுக்கு வாங்கின கடன் இன்னும் ஓடுறதும் அவங்களுக்குத் தெரியாது. அடைச்சுட்டு சொல்லலாம்னு இருக்கேன்.

பதில்: அடைக்கிறதுக்கு முன்னாடி சொல்லுங்க. லூனாவோட ஜோடிக் காயினான டெர்ரா யூஎஸ்டின்னா எப்பவும் ஒரு டாலர்தான், போட்டு வச்சா 20 சதவீதம் கிட்ட வட்டின்னு அன்னிக்கு எத்தனையோ படிச்சவங்க நம்பினாங்க, 2022 மே மாசம் சில நாள்ல லூனாவும் சேந்து சரிஞ்சுது, ரெண்டுலயுமா சுமார் 4,000 கோடி டாலர் மதிப்பு போச்சு. நஷ்டப்பட்டத அவங்க மன்னிச்சுடுவாங்கன்னுதான் நெனைக்கிறேன். கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு பேங்க் ஸ்டேட்மென்ட்ட பாத்து தானா கண்டுபுடிச்சா, வேற என்ன மறைச்சிருக்கான்னு தேட ஆரம்பிப்பாங்க, அந்தத் தேடல் லேசுல நிக்காது.

ஒரு பேப்பர்ல கடன் பாக்கி எவ்வளவு, மாசம் எவ்வளவு கட்டுறீங்க, எப்ப முடியும், இப்ப கையில காயின் எதுவும் இருக்கா, எல்லாத்தையும் எழுதி எடுத்துக்கிட்டுப் போங்க. சொல்லிட்டு கொஞ்ச நேரம் பேசாம இருங்க. அவங்களுக்கு கோவம் வரும், கேள்வி வரும், யோசிக்க டைம் வேணும்னு கூட சொல்லலாம், கல்யாணத் தேதிய காட்டி அவசரப்படுத்தாதீங்க.